கணவர் கையெழுத்துப் போடாவிட்டால் ரேஸ் டிராக்கில் ஓட்ட முடியாதா?

இந்த வாரக் கடிதம் கோவைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 36. ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கார் ஓட்டத் தெரியும் என்பதோடு நிற்கவில்லை, அந்த வீட்டின் கார் ஓட்டமே இவர் கையில்தான்: வேலைக்கு, மாமனாரை ஆஸ்பத்திரிக்கு, பொங்கலுக்கு மதுரைக்கு எல்லாம். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த கார் பந்தயத்தை டிவியில் பார்த்திருக்கிறார். ஓட்டியவர்களில் பெண்களும் இருந்ததைக் கண்டு, நாமும் ஒருமுறை டிராக்கில் ஓட்டிப் பார்த்தால் என்ன என்று அன்றைக்கே தோன்றிவிட்டதாம். இப்போது செட்டிபாளையம் டிராக்கில் பெண்களுக்கு மட்டும் என்று ஒருநாள் பயிற்சியை ஒரு பயிற்சிப் பள்ளியினர் அறிவித்திருக்கிறார்கள். காலையில் பிரேக், வளைவு, ஸ்டீயரிங் பயிற்சி. மாலையில் கூம்புகளுக்கு நடுவே நேரம் குறித்து ஓட்டும் ஆட்டோகிராஸ். சொந்தக் காரைக் கொண்டுபோகலாம், அல்லது அவர்கள் காரையே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் மாமியார், "பிள்ளை குட்டி இருக்கிறவளுக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார். கணவரோ, "போகாதேன்னு சொல்ல மாட்டேன், ஆனா கையெழுத்துப் போட மாட்டேன், ஏதாவது ஆனா என்னைக் கேட்காதே" என்றிருக்கிறார். பெண்களுக்கு மட்டும் என்றால் அது ரேஸ் இல்லை, பிக்னிக் என்று தம்பி கேலி செய்கிறார். வாசகியின் கேள்விகள் இவை: கணவர் கையெழுத்து இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்களா, அவர் பெயரில் நானே போட்டு அனுப்பிவிடலாமா? காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, அது போதாதா? இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்த டேர்ம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசிக்கு ஏதாவது ஆகுமா? இந்த வயதில் இது தேவைதானா? பயிற்சிப் படிவத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதை அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

அன்புள்ள வாசகிக்கு,

நான் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். காரும் பெண்ணும் இன்சூரன்ஸும் ஒரே கேள்வியில் வருவதால்தான் உங்கள் கடிதத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். போங்கள், கட்டாயம் போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டப்படி போகாதீர்கள்.

அந்தக் கையெழுத்து யாருக்கு

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கான இடத்துக்கு மேலே "வாகன உரிமையாளரின் ஒப்புதல்" என்று இருக்கிறது. கணவர் என்ற சொல் அங்கே எங்குமே இல்லை. கார் அவர் பெயரில் இருப்பதால் அது அவருடைய கையெழுத்து ஆகிறது, அவ்வளவுதான். கார் உங்கள் அண்ணன் பெயரில் இருந்தால் அண்ணன் போட வேண்டியிருக்கும், உங்கள் பெயரிலேயே இருந்தால் நீங்களே போடலாம். பயிற்சிப் பள்ளியின் காரை எடுத்தால் அந்தப் பக்கத்தை நிரப்பவே வேண்டாம். முதல் பக்கத்தில் "தந்தை/கணவர் பெயர்" என்று கேட்டிருப்பது அடையாளத்துக்கு, அவசரத் தொடர்பு எண் கேட்டிருப்பது அவசரத்துக்கு. பதினெட்டு வயது தாண்டிய ஒரு பெண் டிரைவிங் பயிற்சியில் சேர அப்பா, அண்ணன், கணவர் யாருடைய சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. அப்படிக் கட்டாயமாகக் கேட்கிற பள்ளி ஏதாவது இருந்தால், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

அவர் பெயரில் நீங்களே போட்டு அனுப்புவதைப் பற்றி. வேண்டவே வேண்டாம். வீட்டில் ஸ்கூல் டைரியில் அவர் சார்பாகப் போட்டுப் பழகியிருப்பீர்கள், அதனால் இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இது பொறுப்பை ஏற்கிற ஆவணம். அடுத்தவர் கையெழுத்தை நாம் போடுவது போலிக் கையெழுத்து, குற்றம். பிறகு காருக்கோ ஆளுக்கோ ஏதாவது ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் இந்த ஒரு கோட்டில் அடிபட்டுப் போகும்.

ஃபுல் இன்சூரன்ஸ் என்ற நம்பிக்கை

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்திய வரி, "பம்பர் டு பம்பர் போட்டிருக்கிறோம், அதனால் காரைப் பற்றிக் கவலை இல்லை" என்பது. பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்புகள்" என்ற பத்தியைப் படியுங்கள். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில் அந்தப் பத்தி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் ரிலையபிலிட்டி டிரையல் இதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு கிடையாது என்று அதில் எழுதியிருக்கும். பம்பர் டு பம்பர் மாதிரி கூடுதல் காப்பு (ஆட்-ஆன்) எதைப் போட்டிருந்தாலும் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இது மாறாது. நேரம் குறித்து ஓட்டுகிற ஆட்டோகிராஸை அந்தச் சொற்களுக்குள் கொண்டுவருவது காப்பீட்டு நிறுவனத்துக்குக் கஷ்டமே இல்லை. காலைப் பயிற்சி அதில் வராது என்று நாம் வாதாடலாம். ஆனால் வாதாடிக்கொண்டிருக்கிற வருடங்களில் கார் ஷெட்டில் நிற்கும், இ.எம்.ஐ. ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி காப்பீடு எப்படியும் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவில், நிறுவனம் தன் பொறுப்பிலிருந்து விலக எழுப்பக்கூடிய வாதங்களின் பட்டியல் இருக்கிறது. ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அந்தப் பட்டியலிலும் உண்டு. கூம்பை எடுத்து வைக்க நிற்கிற ஒரு பையன் மேல் கார் மோதிவிட்டால், வழக்கு ஓட்டிய உங்கள் மேலும் வண்டியின் உரிமையாளர் மேலும் வரும். உரிமையாளர் உங்கள் கணவர். இப்போது யோசித்துப் பாருங்கள், அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது முழுக்கவும் முரட்டுத்தனம் இல்லை. காரணம் சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கிறார், அல்லது சொல்ல விரும்பவில்லை. அவருக்குத் தெரியாமல் காரை எடுத்துப் போகும் யோசனையைக் கடிதத்தின் கடைசியில் லேசாகக் கோடி காட்டியிருக்கிறீர்கள். அதை இங்கேயே விட்டுவிடுங்கள். வண்டிக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர்-ஓட்டுநருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

ஆக, முதல் தடவை பள்ளியின் காரை எடுங்கள். வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. வாடகையில் பெட்ரோலும் டயர் தேய்மானமும் ஹெல்மெட்டும் அடக்கமா, காருக்குச் சேதம் வந்தால் உங்கள் பங்கு அதிகபட்சம் எவ்வளவு, உங்களுக்குக் காயம் பட்டால் அவர்களிடம் என்ன காப்பீடு இருக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பதில் வந்தாலும் போதும், ஆனால் எழுத்தில் வரட்டும்.

மெடிக்கல் பாலிசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு உதவுகிற ஒரு வரி அதில்தான் இருக்கிறது. மருத்துவக் காப்பீடுகளில் சாகச விளையாட்டுகளுக்கு இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்கு வாசகம் ஒன்று உண்டு, பாலிசியில் அதன் குறியீடு Excl09 என்று இருக்கும். மோட்டார் பந்தயம் என்று பெயர் சொல்லியே அதில் இருக்கிறது, ஆனால் "தொழில்முறையாகப் பங்கேற்பதால்" ஏற்படும் சிகிச்சைக்கு என்று இருக்கிறது. நீங்கள் காசு வாங்கி ஓட்டப் போவதில்லை, காசு கொடுத்துக் கற்கப் போகிறீர்கள். அந்த வித்தியாசம் உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் தேதி, இடம், பயிற்சியின் தன்மை மூன்றையும் எழுதி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். கம்பெனியில் கொடுத்த குரூப் பாலிசி என்றால் ஹெச்.ஆரிடம் வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

டேர்ம் பாலிசி விஷயத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தில் "ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா" என்ற கேள்விக்கு அன்றைக்கு இல்லை என்று எழுதினீர்கள், அன்றைக்கு அது உண்மை. பின்னால் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் பாலிசியில் நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடவே விபத்து ரைடர் என்ற கூடுதல் காப்பை எடுத்திருந்தால், அதில் பந்தயத்துக்கு விலக்கு இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். இனி புதிதாக எந்தப் பாலிசி எடுத்தாலும் அந்தக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பெண்களுக்கு மட்டும் என்றால் பிக்னிக்கா

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். ஓட்டப்பந்தயம் மாதிரி, டென்னிஸ் மாதிரி ஆண் தனி, பெண் தனி என்று பிரிக்காத விளையாட்டு இது. ஃபார்முலா 1-லிருந்து உள்ளூர் ரேலி வரை விதிப்படி இருவரும் ஒரே களத்தில்தான் ஓட்டுகிறார்கள். 1981-ல் இத்தாலியின் சான் ரெமோவில் உலக ரேலிச் சுற்று ஒன்றை வென்ற மிஷேல் மூத்தோன் ஆண்களை ஜெயித்துத்தான் வென்றார், அடுத்த வருடம் உலக சாம்பியன் பட்டத்தில் இரண்டாவதாக வந்தார். ஆக, பெண்களுக்கு மட்டும் என்ற வகுப்பு உள்ளே நுழைவதற்கான வாசல். உள்ளே போனபிறகு எல்லோருக்கும் ஒரே தடம்.

சரி, அப்படியானால் தனி வாசல் எதற்கு? நம் வீடுகளில் பையனுக்குப் பத்து வயதில் அப்பா மடியில் ஸ்டீயரிங், பதினைந்தில் காலி கிரவுண்டில் பைக் கிடைத்துவிடுகிறது, அதெல்லாம் கூடாது என்பது வேறு விஷயம். பெண்ணுக்குப் பெரும்பாலும் லைசென்ஸ் பள்ளியின் இரட்டை பிரேக் வண்டிதான் முதல் வண்டி, அதுவும் கல்யாணத்துக்கு முன்போ பின்போ யாரோ அனுமதித்தபோது. டிராக் வகுப்புக்கு இருவரும் ஒன்றாகப் போனால், கற்பதற்குப் பதிலாக, தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதிலேயே அவளுடைய நாள் போய்விடுகிறது. என்னிடம் வந்த பெண்களும் என் தோழிகளும் இதைத்தான் வேறு வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள்: கிளட்ச்சைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர் பதில் சொல்லிவிடுகிறார். பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் அந்தக் கேள்வி வெளியே வருகிறது.

அங்கே கற்றுத்தருவதும் வெறும் வேகம் இல்லை. முதல் பாடம் உட்காருவதுதான். கொஞ்சம் உயரம் குறைந்த நம் பெண்களில் பலர் கிளட்ச் எட்டுவதற்காக ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். ஏர்பேக் விரிந்தால் அது முகத்திலும் மார்பிலும் அடிக்கும், குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். முதுகு சீட்டில் முழுசாகப் படிய வேண்டும், கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும், பிரேக்கை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அப்புறம் பிரேக். வேகமாக வந்து, குறித்த இடத்தில் முழு பலத்தையும் போட்டு மிதிக்கச் சொல்வார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைக்கும். அதைத் தெரியாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். அங்கே, எடுக்காதே, இன்னும் அழுத்து, அழுத்திக்கொண்டே திருப்பு என்று கற்றுத்தருவார்கள். "பிரேக் பிடித்தேன், வண்டி நிற்கவில்லை" என்ற வாக்குமூலத்தை விபத்து வழக்குக் கட்டுகளில் அடிக்கடி படிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு பயிற்சிக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். மாமியாரிடம் சொல்வதற்கும் இது நல்ல பதில்.

நீங்கள் இருக்கிற ஊர் எது என்பதையும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இந்திய கார் பந்தயத்தின் வரலாற்றில் பாதி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போன காலம் ஒன்று உண்டு. அதன் பிறகு இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. உங்கள் செட்டிபாளையத்துக் காரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் வந்தது, ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை வடிவமைத்த கரிவர்தன் பெயரில். சென்னையின் அலிஷா அப்துல்லா பந்தயத்தில் பெயர் வாங்கியபின் பெண்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 2018-ல் தேசியப் பந்தயத்தின் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கைக் கார் பிரிவில் முழுக்கப் பெண்களைக் கொண்ட அணி ஒன்று இறங்கியது. பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பைக்கில், கரடுமுரடான தடங்களில் ஓடும் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பட்டத்தை வென்றார். உங்களை அந்த இடத்துக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. வாரக் கடைசியில் ஆசைக்கு ஓட்டுகிற அமெச்சூராகவே இருங்கள், அதுவே முழு மரியாதைக்குரியது. வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெச்சூர் விளையாட்டில் 36 ஒரு தடையே இல்லை. ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுப் பிரச்சினை இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பொறுப்புத் துறப்பும், அதற்கப்பால் உங்கள் உரிமையும்

படிவத்தின் மூன்றாம் பக்கம் முழுக்க, "என்ன நடந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல" என்று இருக்கிறது. இதில் கையெழுத்திடாமல் எந்த டிராக்கிலும் விட மாட்டார்கள். போடலாம். விளையாட்டுக்கே உரிய ஆபத்தை நீங்கள் தெரிந்தே ஏற்கிறீர்கள் என்பது அதன் சாரம். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தருகிறவர் ஆம்புலன்ஸ் இல்லாமல், பிரேக் தேய்ந்த வண்டியைக் கொடுத்துவிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டித் தப்ப முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்கும் பொருந்தும். அன்றைக்குக் காலையில் ஆம்புலன்ஸும் தீயணைப்பானும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள்.

பயிற்சியாளர்களும் பெண்களா என்று கேளுங்கள். பெண்களுக்கு மட்டும் என்றால் மாணவிகள் மட்டும்தான் பெண்கள் என்று பல இடங்களில் அர்த்தம். ஆண் பயிற்சியாளர் என்பதாலேயே தவறில்லை, நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சீட்டையும் பெல்ட்டையும் சரிசெய்கிற சாக்கில் யாராவது கையை நீட்டினால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 அலுவலகங்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். விளையாட்டுப் பயிற்சி நிலையமும் போட்டி நடக்கும் இடமும் அந்தச் சட்டப்படி பணியிடம்தான், புகார் கொடுக்கிற பெண் அங்கே ஊழியராக இருக்க வேண்டியதும் இல்லை. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

பிடித்துப் போனால் அடுத்து என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிராக்குக்கு அடுத்து என் முதல் சிபாரிசு டி.எஸ்.டி. (டைம்-ஸ்பீட்-டிஸ்டன்ஸ்) ரேலி. அது வேகப் போட்டி இல்லை. கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும், முன்னால் போனாலும் அபராதம்தான். மகளிர் தினத்தை ஒட்டிப் பல ஊர்களில் பெண்களுக்கென்றே நடத்துகிறார்கள். பக்கத்து சீட்டில் வழிகாட்டும் நேவிகேட்டராகவும் சேரலாம், மிஷேல் மூத்தோன் தொடங்கியதே அப்படித்தான். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற உங்களுக்கு அந்த நிமிட விநாடிக் கணக்கு கைவந்த கலையாக இருக்கும். ஆனால் நான் மேலே சொன்ன ரிலையபிலிட்டி டிரையல் விலக்கு இங்கேதான் நேராக வந்து நிற்கும். அதற்கு ஐ.எம்.டி. 31 என்று ஒரு ஒப்புதல் இணைப்பு உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி, குறிப்பிட்ட ரேலிக்கு மட்டும் பாலிசியை நீட்டிக்கிற வழி அது. ஏஜென்ட்டுக்குத் தெரியாவிட்டால் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் அது பொருந்தாது.

முறையான போட்டிக்குப் போவதென்றால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற தேசிய மோட்டார் விளையாட்டு அமைப்பின் போட்டி உரிமம் வேண்டும். அதை அந்தப் பள்ளியிலேயே விசாரித்துக்கொள்ளலாம். டிராக்கில் கற்றதை அவிநாசி ரோட்டில் முயற்சி செய்வது மட்டும் கூடவே கூடாது. அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் டிவியில் பார்த்த சென்னைப் பந்தயம் அரசே அனுமதித்து, சாலையை அடைத்து நடத்தியது. வண்டியையும் மாற்றாதீர்கள். சைலன்ஸர், சஸ்பென்ஷன் என்று கைவைத்தால், வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் அதே சட்டத்தின் 52-வது பிரிவு ஒரு பக்கம், கிளெய்ம் நிராகரிப்பு இன்னொரு பக்கம்.

கணவரிடம் இன்றைக்கு ராத்திரியே பேசுங்கள். அனுமதி கேட்கிற தொனியில் வேண்டாம், தகவல் சொல்கிற தொனியில் பேசுங்கள்: "உங்கள் காரை எடுக்கவில்லை, உங்கள் கையெழுத்தும் வேண்டாம், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், அவசரத் தொடர்புக்கு உங்கள் நம்பரைப் போடுகிறேன்." இதற்குமேல் அவர் தடுத்தால் அப்போது நாம் பேச வேண்டியது காரைப் பற்றி இல்லை, எனக்குத் தனியாக எழுதுங்கள்.

போகிற அன்றைக்கு அசல் லைசென்ஸை எடுத்துப்போங்கள். துப்பட்டா இல்லாத பருத்தி உடை, முழுக்கை இருந்தால் நல்லது. மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள், செருப்போடு விட மாட்டார்கள். தலைமுடியைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டால் ஹெல்மெட் சரியாக இறங்கும். செட்டிபாளையத்து வெயிலில் ஹெல்மெட்டுக்குள் ஒரு மணி நேரம் என்பது லேசு இல்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள், காலையில் தூக்கம் வரவைக்கிற பொங்கலை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.